எந்தக் கம்பெனி போடலாங்ண்ணா?

கோயம்புத்தூரில் ஒரே டயரை ஒருத்தர் "இதை விட்டா வேற இல்லீங்க" என்பார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் "மழையில என்னையக் கீழ போட்டதே இந்த டயர்தானுங்க" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. முதலாமவர் சூலூரிலிருந்து திருச்சி ரோட்டில் நேராக வந்து, சாயங்காலம் நேராகத் திரும்பிப் போகிறவர். இரண்டாமவர் வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் வேலை. ஆழியாருக்கு மேலே இருக்கிற நாற்பது கொண்டை ஊசி வளைவும் அவருக்கு வீட்டுக்குப் போகிற வழி. டயர் ஒன்றுதான். ரோடு வேறு, ஏற்றுகிற பாரம் வேறு, பிரேக் பிடிக்கிற கை வேறு.

காந்திபுரத்துக்குப் பக்கம் டூவீலர் டயர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பல வருடம் பங்சர் ஒட்டினேன். நடுவில் கொஞ்ச காலம் செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் பைக்குகளுக்கு டயர் மாட்டிக் கொடுக்கிற வேலையும் பார்த்தேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார்கள்: "எந்தக் கம்பெனி போடலாங்ண்ணா?" நான் "வண்டி எங்கீங்க ஓடுது?" என்று திருப்பிக் கேட்பேன். சிலருக்கு அது பிடிக்காது. விலையைச் சொல்லத் தயங்குகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் தொழில் பழகிய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆர்எக்ஸ் 100க்கு முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. முன்னால் நீளக் கோடு போட்ட ரிப் டயர், பின்னால் கட்டை கட்டையாகப் பூ வைத்தது. எம்ஆர்எஃப், டன்லப், சியட் என்று விரல் விட்டு எண்ணுகிற பெயர்கள். ஸ்டாக்கில் எது இருக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு போவார்கள். இன்றைக்கு என் ரேக்கில் 17 இஞ்சுக்கு மட்டும் எத்தனை தினுசு என்று எனக்கே பில் புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். தேர்ந்தெடுக்க நிறைய வந்த பிறகுதான் குழப்பமும் வந்தது.

பெயரை நம்பி வாங்குகிறவர்களுக்கு அந்தப் பெயர்களின் பூர்வீகத்தைச் சொன்னால் கொஞ்சம் ஆட்டம் காண்பார்கள். எம்ஆர்எஃப் 1946இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்கிற கொட்டகையாகத் தொடங்கியது. ரீட்ரேடிங் ரப்பருக்கு 1952இல் வந்தது, டயருக்கு வந்தது அதற்கும் பிறகு. சியட் இத்தாலியின் டூரின் நகரத்தில் 1924இல் பிறந்த பெயர். யூரோகிரிப் என்றதும் ஏதோ ஐரோப்பாச் சரக்கு என்று கூடுதலாக மரியாதை கொடுக்கிறவர்கள் உண்டு. அது மதுரை வெள்ளரிப்பட்டியில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா. முன்பு டிவிஎஸ் டயர் என்று வாங்கிக்கொண்டிருந்ததுதான் 2019இலிருந்து யூரோகிரிப் என்ற பெயரில் வருகிறது. மதுரைக்காரன் என்று சொன்னதும் சிலருக்கு முகம் சுருங்கும், சிலருக்கு மலரும். டயர் அப்படியேதான் இருக்கும்.

பெரிய பைக் வைத்திருக்கிற பையன்கள் பைரெல்லியா மெட்ஸ்லரா என்று என் கடை வாசலிலேயே சண்டை போடுவார்கள். மெட்ஸ்லரை பைரெல்லி 1986இலேயே வாங்கிவிட்டது. வ்ரெடஸ்டைன் ஹாலந்துப் பெயர்தான், 2009இலிருந்து அது நம்ம பக்கத்து வீட்டு அப்பல்லோவுடையது. டன்லப் கதை இன்னும் விசித்திரம். காற்றடைத்த டயரை 1888இல் கொண்டுவந்தவரின் பெயர் அது. இன்றைக்கு அந்த ஒரே பெயரை ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு கம்பெனி வைத்திருக்கிறது. பெயரை வைத்து ரப்பரை எடை போட முடியாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசத்தைவிட, ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம் பெரிது. எம்ஆர்எஃப்பிலேயே நைலோகிரிப் ஜாப்பரையும் ரெவ்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஜாப்பர் தினசரி வேலைக்குப் போய்வருகிற வண்டிக்கு. வருடக் கணக்கில் உழைக்க வேண்டும், ஆணி குத்தினாலும் தாங்க வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். ரெவ்ஸ் ஆர்15, கேடிஎம் என்று சாய்த்து ஓட்டுகிற வண்டிகளுக்கு. சீக்கிரம் தேயும், தேயத்தான் செய்யும். எம்ஆர்எஃப்தானே என்று ஜாப்பரை எதிர்பார்த்து ரெவ்ஸை வாங்கினவர் ஒரு வருடத்தில் "டூப்ளிகேட் குடுத்துட்டீங்ளா?" என்று வந்து நிற்பார். அப்பல்லோவில் ஆல்ஃபா எச்1, சியட்டில் ஜூம் ரேட், மிஷலினில் சிட்டி புரோவும் பைலட் ஸ்ட்ரீட்டும் என்று எல்லா வீட்டிலும் இதே போல உழைக்கிற பிள்ளை ஒன்று, பறக்கிற பிள்ளை ஒன்று உண்டு.

கிரிப்பும் ஆயுளும் ஏன் ஒன்றாக வருவதில்லை என்று கேட்பார்கள். ரோட்டை மேலே இருந்து பார்த்தால் வழுவழுப்பாகத் தெரியும். குனிந்து கையை வைத்துப் பார்த்தால் ஜல்லி முனை ஒவ்வொன்றும் தட்டுப்படும். மெத்தென்ற ரப்பர் அந்த முனைகளுக்கு நடுவில் இறங்கி உட்காரும். இறங்கின ரப்பர் உடனே பழைய உருவத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் தாமதித்துத் திரும்ப வேண்டும். அந்தத் தாமதத்தில்தான் பிடிப்பு பிறக்கிறது, அதே தாமதத்தில்தான் சூடும் பிறக்கிறது. சூடு ஏறினால் தேய்மானமும் ஏறும். உடனே துள்ளித் திரும்புகிற ரப்பர் சூடாகாது, பெட்ரோலும் மிச்சம், ஆனால் ஈரத்தில் வழுக்கும். கேரளத்தில் எடுக்கிற இயற்கை ரப்பர் துள்ளுகிற ஜாதி. அதில் செயற்கை ரப்பரை எவ்வளவு கலப்பது, கார்பன் பிளாக்கை எவ்வளவு போடுவது, சிலிக்கா சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் கம்பெனிக்காரனின் ரகசியம். சிலிக்கா சேர்த்த டயர்கள் 1990களில் மிஷலின் வழியாகப் பெரிய அளவில் வந்த பிறகுதான், ஈரப்பிடிப்பைக் கூட்டினால் உருளுகிற சுமையும் கூடித்தான் ஆக வேண்டும் என்ற பழைய கணக்கு கொஞ்சம் தளர்ந்தது.

ரப்பர் வாஷர் தயாரிக்கிற வாடிக்கையாளர் ஒருவர் பழைய டியூரோமீட்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். ஊசி முனையை ரப்பரில் அழுத்தினால் கடினம் எவ்வளவு என்று முள் காட்டும். என் கடையில் தினசரி வண்டி டயர்கள் பெரும்பாலும் 65ஐ ஒட்டி நிற்கும், சாய்க்கிற வண்டி டயர்கள் 60க்குக் கீழே இறங்கும். ஷெட்டில் வெயில் படக் கிடந்த பழைய டயரை அழுத்தினால் முள் மேலே போய்விடும். பூ முழுசாக இருக்கும், ரப்பர் செத்திருக்கும். அதனால்தான் டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கிற நான்கு இலக்கத்தைப் பாருங்கள் என்று வருகிறவரிடமெல்லாம் சொல்கிறேன். 3223 என்றால் 2023ஆம் வருடம் 32ஆவது வாரம் வார்த்தது. பக்கத்திலேயே 52பி என்று இருந்தால் 200 கிலோ தாங்கும், மணிக்கு 150 கிலோமீட்டர் வரைக்கும் ஓடலாம். எச் என்றால் 210. ஆஃபர் விலையில் கிடைத்தது என்று வேறு எங்கோ வாங்கி, மாட்டக் கொண்டுவருகிற டயர்களில் நான் முதலில் தேடுவது இந்த நான்கு இலக்கத்தைத்தான். ஒரு தடவை ஒரு கம்பெனியின் ஒரே லாட்டில் வந்த டயர்கள் சில மாதத்திலேயே பக்கவாட்டில் புடைத்துக்கொண்டன. கிளெய்முக்கு அனுப்பினால் "குழியில் விட்டிருக்கிறார்கள்" என்று அச்சடித்த பதில் வந்தது. எல்லா வாடிக்கையாளரும் ஒரே குழியிலா விட்டார்கள் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. கைக்காசு போட்டு மாற்றிக் கொடுத்தேன்.

செட்டிபாளையம் டிராக்குக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்து ரேஸ் கார்களைத் தானே வடிவமைத்த எஸ்.கரிவர்தனின் பெயர் அது. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். ஃபார்முலா மாருதி என்ற சின்ன ரேஸ் காரை உருவாக்கி, பணக்காரப் பிள்ளைகள் அல்லாதவர்களுக்கும் ரேஸைத் திறந்துவிட்டவர் என்று பழைய மெக்கானிக்குகள் இன்றைக்கும் மரியாதையோடு பேசுவார்கள். டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான். சின்ன டிராக்காக இருப்பதில் ஒரு லாபம் உண்டு. நீளமான நேர்ப்பாதையில் இன்ஜின் ஜெயித்துவிடும். வளைவுக்கு மேல் வளைவு என்று வந்தால் டயர் பேச ஆரம்பிக்கும்.

அங்கே நடக்கிற போட்டிகளில் பல, எல்லோருக்கும் ஒரே மாடல் பைக், ஒரே டயர் என்ற கணக்கில் நடப்பவை. ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடியை வைத்து ஜேகே டயர் 2021இல் தொடங்கின கோப்பைப் போட்டியும் அந்த வகைதான். ஒரே வண்டி, ஒரே ரப்பர். ஆனாலும் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரு சுற்றுக்குப் பல வினாடி வித்தியாசம் இருக்கும். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை டயரைக் கழற்றும்போது நான் பார்ப்பேன். நல்லா ஓட்டுகிற பையனின் டயரில் ரப்பர் சின்னச் சின்ன அலையாகச் சீராகச் சுருண்டிருக்கும். ஆக்ஸிலேட்டரைத் திடீர் திடீரென்று முறுக்குகிற பையனின் பின் டயரில் ஓரம் பிய்ந்து சதை சதையாகத் தொங்கும். இரண்டு பேரும் பிட்டுக்கு வந்து சொல்வது மட்டும் ஒரே வார்த்தை: "டயர் புடிக்கலீங்ண்ணா." முதல் பையனுக்கு ஒரு பிஎஸ்ஐ காற்றைக் குறைத்துக் கொடுப்பேன். இரண்டாமவனுக்கும் குறைப்பதாகக் காட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவேன். திரும்பி வந்து "இப்ப சூப்பருங்ண்ணா" என்பான்.

டிராக் மாறினால் ராஜா டயரும் கூஜா ஆகிவிடும் என்பதற்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர், கோவைப் பையன். 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் ரேஸ். அந்த வருடம் நடந்த 19 ரேஸில் 18ஐ மிஷலின் டயர் போட்ட கார்கள்தான் ஜெயித்தன. மிச்சம் இருந்த ஒன்றுதான் இது. அங்கே 13ஆவது வளைவு சாய்வாகக் கட்டின வளைவு. முழு வேகத்தில் போகும்போது இடது பின் டயரின் பக்கவாட்டில் கடுமையான பாரம் விழுந்தது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே டயர் போய் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. ஞாயிற்றுக்கிழமை மிஷலின் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று உருண்டுவிட்டு நேராக ஷெட்டுக்குள் போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டான் காரில் நரேன் நாலாவதாக வந்தார். ஃபார்முலா ஒன்னில் அவருக்குக் கிடைத்த பாயின்ட் அந்த ஐந்துதான். அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், அன்றைக்குக் கடைசி வரைக்கும் ஓட்டித்தான் வாங்கினார். எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம். உலகத்தில் அந்த வருடம் அதைவிட நல்ல டயர் இல்லை, அதே டயரால் அந்த ஒரு வளைவைத் தாங்க முடியவில்லை. மிஷலின் மட்டமா என்றால் இல்லை. அந்த வளைவுக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

நம்ம ஊருக்கு வருவோம். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகிற பைபாஸ்காரர்களின் பின் டயரைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்து, இரண்டு ஓரமும் புதுசாக இருக்கும். தட்டையான டயர் நேராகப் போகும்போது தொந்தரவு தராது. வளைவில் சாய்க்கும்போது தட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஒரு விளிம்பு இருக்கும், வண்டி அதைத் தாண்டும்போது பொத்தென்று விழும். ஓட்டுகிறவர் "புது டயர்ல இருந்த ஓட்டம் இல்லீங்க, ஃபோர்க் பெண்டா பாருங்க" என்பார். ஃபோர்க்கில் ஒன்றும் இருக்காது. இவர்களுக்கு நடுவில் கடின ரப்பரும் ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைத்த டூயல் காம்பவுண்ட் டயர்கள் உண்மையிலேயே பிரயோஜனம். மற்றவர்கள் அதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு தனிப் பரீட்சை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற வாசல் அது. தென்மேற்குப் பருவக்காற்று அது வழியாகத்தான் கோயம்புத்தூருக்குள் வரும். மதுக்கரை தாண்டி வாளையார் போகும்போதும், லாரியை ஓவர்டேக் செய்து வெளியே வருகிற நொடியிலும் வண்டியை ஒரு சாண் தள்ளிவிடும். அந்த மாதங்களில் "டயர் ஆட்டுதுங்க" என்று வருகிறவர்கள் அதிகம். பத்துக்கு ஆறு பேருக்குக் காற்றுக் குறைவுதான் காரணம். பக்கவாட்டுச் சுவர் தளர்ந்திருந்தால் ரிம் ஒரு பக்கம் போகப் பார்க்கும், டயர் ரோட்டோடு இன்னொரு பக்கம் நிற்கும். ரேடியல் டயரில் பூவுக்கு அடியில் பெல்ட் இருக்கிறது, அதனால் மேல்பாகம் உறுதியாக நிற்கும். பயாஸ் டயரில் நைலான் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சுவர் வரைக்கும் ஓடும், சுவர் கெட்டி. பெரிய வேகத்தில், பெரிய வண்டியில் ரேடியல் ஜெயிக்கும். குழியும் பாரமுமாக ஓடுகிற 100 சிசி வண்டிக்குப் பயாஸே போதும்.

வால்பாறைப் பாதை வேறு உலகம். பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாரில் வேர்க்கும், மேலே சட்டைக்குள் குளிர் இறங்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ, எல்லோரும் போட்டோ எடுக்க நிறுத்துவார்கள். நான் அங்கே நின்றால் வண்டிகளின் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மழைக்காலத்தில் மேடு ஓரத்திலிருந்து செம்மண் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். நிழல் விழுகிற வளைவுகளில் ஓரம் பாசி பிடித்திருக்கும். டேங்க் நிறைய டீசல் போட்ட பஸ் வளைவில் சாயும்போது மூடி வழியாகக் கொஞ்சம் சிந்தும். ஈர ரோட்டில் அது வானவில் நிறத்தில் பரவிக் கிடக்கும், எந்தக் கம்பெனி டயரானாலும் அதன் மேல் நிற்காது. வெள்ளைக் கோடும் அப்படித்தான். இந்த ரோட்டுக்கு நான் மூன்று விஷயம் பார்ப்பேன்: ரப்பர் மென்மையா, தண்ணீர் வெளியேறக் காடி நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் தொடர்ந்து ஓடுகிறதா, டயரின் முதுகு வட்டமாக இருக்கிறதா, கூராக இருக்கிறதா. முதுகு கூராக இருந்தால் சட்டென்று சாயும், ரேஸ் ஓட்டுகிற பையனுக்குக் குஷி. வீட்டம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, மடியில் மளிகைப் பையோடு ஏறுகிறவருக்கு வட்ட முதுகுதான் நல்லது. மெதுவாகச் சாயும், சாய்ந்த இடத்தில் நிற்கும். என் வாடிக்கையாளர்களில் மலைக்காரர்கள் மிஷலின் பைலட் ஸ்ட்ரீட் போட்டால் அடுத்த தடவையும் அதையே கேட்கிறார்கள், ஈரத்தில் நம்பிக்கையாக இருக்கிறது என்கிறார்கள். சமவெளிக்காரர்களுக்கு அதே டயரில் அவ்வளவு பிரமாதம் தெரிவதில்லை. யூரோகிரிப் புரோடார்க் வகையிலும் மலைக்காரர்கள் திருப்தியாகத்தான் பேசுகிறார்கள், விலையும் கைக்கு அடக்கம்.

மலைக்குப் போகும்போது காற்றைக் குறைத்தால் கிரிப் கூடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். மணலில், சேற்றில் உண்மை. தார் ரோட்டு மழையில் நேர் எதிர். காற்றுக் குறைந்தால் டயரின் நடு உள்வாங்கும், காடிகள் நெருங்கி மூடும், தண்ணீர் வெளியே போக வழி இருக்காது. கம்பெனி சொன்ன அளவு, டயர் குளிர்ந்திருக்கும்போது. வெயிலில் ஓடி வந்த உடனே அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்தாறு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ ஏறும். ஏறியிருக்கிறதே என்று திறந்துவிட்டால் மறுநாள் காலையில் குறைந்திருக்கும்.

புறத்தோட்டத்துக்குப் போகிற மண் தடத்துக்குப் பட்டன் டயர் கேட்பார்கள், நியாயம். பீளமேட்டிலிருந்து ஆபீஸ் போகிறவர் ஹிமாலயன் பைக்கில் பெரிய பட்டன் போட்டுக்கொண்டு, இரைச்சல் கேட்கிறது என்று வந்தால் நான் என்ன செய்ய? கட்டைகள் தார் ரோட்டில் வளைந்து நெளியும், தொடுகிற பரப்பும் குறைவு.

அதைவிடப் பெரிய ஆசை அகலம். காலேஜ் பையன் ஒருத்தன் ஆர்15ஐக் கொண்டுவந்து, "ஏனுங்ண்ணா, பேக்ல 150 போட்டா கிரிப் சேத்திக் கெடைக்குமில்லீங்க?" என்றான். அதற்கு வந்தது 130. வண்டி ரோட்டைத் தொடுகிற இடம் டயருக்கு ஓர் உள்ளங்கைதான். அந்த உள்ளங்கையின் அளவைக் காற்றும் பாரமும்தான் தீர்மானிக்கின்றன, டயரின் அகலம் அதன் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். குறுகின ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு ஓரத்தையும் ரிம் கிள்ளிப் பிடிக்கும், முதுகு கூராகும், நேராகப் போகும்போது ரோட்டில் படுகிற பட்டை முன்பைவிடக் குறுகும். வண்டி சாயவும் யோசிக்கும். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் படம் போட்டே காட்டினேன். எல்லாம் கேட்டுக்கொண்டு "பாக்க கெத்தா இருக்குமுங்ண்ணா" என்றான். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. 130 மாட்டி அனுப்பினேன். வேறு கடையில் போய் 150 போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

நல்ல டயரையும் மாட்டுகிற கை கெடுத்துவிடும். மிஷினில் விளிம்பை ரிம்மிலிருந்து பிரித்து எடுத்த பிறகு, ரிம்மின் உள் ஓரத்தைக் கம்பித் துணியால் துடைப்பேன். பழைய ரப்பர் பிசிறு ஒட்டியிருந்தால் அங்கேயே காற்று கசியும். டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருக்கும், சுற்றுகிற திசை. சின்ன மஞ்சள் பொட்டு ஒன்று இருந்தால் அது டயரில் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வைப்பேன். சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் இரண்டு விளிம்பிலும் தடவி, வால்வின் உள்ளே இருக்கிற பின்னைக் கழற்றிவிட்டுக் காற்றைத் திறப்பேன். எல்ஜி கம்ப்ரஸர், இந்த ஊரில் செய்ததுதான், என் தொழிலில் எனக்கு மூத்தது. முதலில் ஒரு பக்கம் டப்பென்று உட்காரும், கொஞ்சம் பொறுத்து அடுத்த பக்கம். இரண்டு சத்தமும் கேட்காமல் நான் சக்கரத்தைக் கையில் எடுக்க மாட்டேன். பிறகு ரிம்மை ஒட்டி டயரில் ஓடுகிற மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துச் சுற்றிப் பார்ப்பேன். ஒரு இடத்தில் கோடு ரிம்முக்குள் புதைந்திருந்தால் டயர் அங்கே சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அப்படியே அனுப்பினால் அறுபதில் ஹேண்டில் நடுங்கும், பழி கம்பெனி மேல் விழும். கடைசியாக ஒரு வார்த்தை: வார்க்கும்போது அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசின வழுவழுப்பு மேலே இருக்கும், முதல் நூறு கிலோமீட்டர் சாய்க்காமல் ஓட்டுங்கள். தலையாட்டிவிட்டு, தெருமுனையிலேயே சாய்ப்பார்கள்.

எந்தப் பிராண்டு என்று இவ்வளவு ஆராய்கிறவர்களும் பின் டயரைத்தான் மாற்றுவார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தேயும். முன் டயர் பூவோடு அப்படியே இருக்கும், வருடக் கணக்கில் காடிக்குள் விரிசல் விட்டுக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முழுக்க முன்னால்தான் சாயும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் டயருடையது. பின்னால் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்னால் வழுக்கினால் யோசிப்பதற்குள் கீழே இருப்போம்.

கிணத்துக்கடவு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எக்ஸ்எல் மொபெட்டில் வருவார். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். பின் டயர் மொட்டை, மாற்றினேன். முன் டயரை அழுத்திக் காட்டினேன், விரிசலுக்குள் நகம் போனது.

"ஏனுங், இதையும் மாத்திப்போடலாங்களே."

"முன்னால என்ன தம்பி பாரம்? தேங்காயெல்லாம் பின்னாலதான இருக்குது."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து முன் பிரேக்கை அழுத்திக் காட்டினேன். மூக்கு குனிந்தது. பெரியவர் சிரித்தார். "அட, ஆமாம் போ" என்றார். மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார், பின் டயருக்கு மட்டும் கொடுத்தார்.

"அடுத்த வெட்டு முடியட்டும் தம்பி, வந்து போட்டுக்கறேன்."

அடுத்த வெட்டு முடிந்ததும் சொன்னபடி வந்தார். பின் டயருக்குப் பங்சர் ஒட்டிக்கொண்டு போனார்.